ரிபேட்டுக்கு முந்தைய விலை: அமெரிக்க வெந்நீர்த் தொட்டிச் சந்தையில் நான்கு எண்கள்

அமெரிக்காவின் நடுத்தர நகரங்களில், வெள்ளிக்கிழமை காலை தொடங்கி ஞாயிறு மாலை கலைந்துவிடும் ஒரு விற்பனைச் சந்தை அவ்வப்போது கூடுகிறது. ஆடுமாடுக் கண்காட்சியும் ராட்டினமும் நடக்கும் பொருட்காட்சித் திடலில் பெரிய கொட்டகை ஒன்றை வாடகைக்கு எடுத்து, 'ஹாட் டப்' எனப்படும் வெந்நீர்த் தொட்டிகளை வரிசையாக நிறுத்தியிருப்பார்கள். ஐந்தாறு பேர் கால் நீட்டி உட்காரும் அளவு. ஓரிரண்டில் நீர் நிரப்பி, குமிழ் பொங்க ஓடவும் விட்டிருப்பார்கள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு பலகை. உச்சியில் குறுக்குக் கோடு போட்ட ஒரு தொகை. அதன் கீழே இன்னொரு தொகை. நடுவில் சிவப்பு எழுத்தில் 'ஃபேக்டரி ரிபேட்' தொகை. அடியில், எல்லாவற்றையும்விடப் பெரிய எழுத்தில், ரிபேட் போக விலை. பக்கத்திலேயே, சலுகை ஞாயிறோடு முடிகிறது என்ற அறிவிப்பு.

இந்த நான்கு எண்களில் எதை நம்பலாம்? பார்ப்பவர் கண் நேராகப் போவது கடைசி எண்ணுக்கு. நான் சொல்ல வருவது, ஏமாற்று பெரும்பாலும் முதல் எண்ணில்தான் இருக்கிறது என்பதே.

ரிபேட் என்ற சொல் தமிழ் வாசகருக்குப் புதிதல்ல. காந்தி ஜெயந்தியை ஒட்டிக் கதர்க் கடையிலும், பண்டிகைக் காலத்தில் கோ-ஆப்டெக்ஸிலும் அந்தச் சொல்லை எழுதி வைத்திருப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அங்கே ரசீது போடும்போதே தொகை கழிந்துவிடும். அமெரிக்க வணிகத்தில் ரிபேட் என்றால் வேறு ஏற்பாடும் உண்டு: முழு விலையையும் இன்று கொடுத்துவிட வேண்டும்; அதில் ஒரு பகுதி பின்னொரு நாள், சில நிபந்தனைகளை நிறைவேற்றினால், திரும்பி வரும். கவுண்டரிலேயே கழிக்கும் ரிபேட்டும் இருக்கிறது. தபாலில் விண்ணப்பித்துப் பெறும் ரிபேட்டும் இருக்கிறது. ஒரே சொல் இரண்டுக்கும் பயன்படுவதில் குழப்பம் தொடங்கிவிடுகிறது. இரண்டும் ஏமாற்றக் கூடியவை, ஆனால் வெவ்வேறு வழியில்.

முதலில் பொருளைப் பற்றிக் கொஞ்சம். கலிபோர்னியாவில் குடியேறிய இத்தாலியச் சகோதரர்கள் நடத்திய ஜக்கூஸி நிறுவனம், கிணற்று நீர் இறைக்கும் பம்ப் செய்து வளர்ந்தது. அந்தக் குடும்பத்தின் கேண்டிடோ ஜக்கூஸி, முடக்குவாதத்தால் துன்பப்பட்ட தன் சிறு மகனுக்காக, வீட்டுக் குளியல் தொட்டியிலேயே நீரைச் சுழற்றும் பம்ப் ஒன்றை 1948இல் உருவாக்கினார். 1960களில் அதே கலிபோர்னியாவில் பழைய மரப் பீப்பாய்களில் வெந்நீர் நிரப்பி வீட்டுப் பின்புறத்தில் நண்பர்கள் கூடி உட்காரும் பழக்கம் பரவியது. இந்த இரண்டு ஓட்டங்களும் சேர்ந்ததுதான் இன்றைய அக்ரிலிக் தொட்டி. ஆயிரம் லிட்டருக்கு மேல் நீர் கொள்ளும். நீரின் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது என்பது பாதுகாப்பு விதி. பெரும்பாலான தொட்டிகளுக்கு 240 வோல்ட் தனி இணைப்பும், கனத்தைத் தாங்கும் கான்கிரீட் தளமும் தேவை.

விலை? எளிய வகை சில ஆயிரம் டாலர். உயர்ந்த வகை 15,000 டாலரையும் தாண்டும். வாங்குபவர்களில் பெரும்பாலானோர் வாழ்நாளில் ஒருமுறையோ இருமுறையோதான் வாங்குகிறார்கள். ஆகவே அரிசி, பால், ஷாம்பு போல 'இது இவ்வளவுதான் இருக்கும்' என்ற நினைவு மனத்தில் இல்லை. பல பெயர்பெற்ற நிறுவனங்கள் வட்டாரத்துக்கு ஒரு டீலர் என்ற முறையில் விற்கின்றன. இணையதளத்தில் விலை போடாமல் 'அருகிலுள்ள டீலரைக் கேளுங்கள்' என்று நிறுத்திவிடுவதும் பரவலாக உண்டு. ஒரு நிறுவனத்தின் தொட்டியை இன்னொன்றோடு ஒப்பிட்டால் ஜெட் எண்ணிக்கை, பம்ப் சக்தி, மூடியின் தடிமன், காப்பு நுரை என எல்லாமே மாறியிருக்கும். மூடி, படிக்கட்டு, மூடியைத் தூக்கும் கை, ரசாயனப் பெட்டி, கொண்டுவந்து இறக்கும் கூலி ஆகியவை விலையில் சேர்ந்ததா சேராததா என்பதும் கடைக்குக் கடை வேறு. சுருக்கமாக, சந்தை விலை என்று ஒன்றைச் சுட்டிக்காட்ட வாங்குபவரிடம் எதுவும் இல்லை. இப்படிப்பட்ட இடத்தில் பலகையில் எழுதிய முதல் எண்தான் அவருடைய ஒரே அளவுகோல் ஆகிவிடுகிறது.

இனி ரிபேட்டின் கதை. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் இந்தச் சொல் ஊழலோடு சேர்த்தே பேசப்பட்டது. ரயில் கம்பெனிகள் எல்லோருக்கும் ஒரே கட்டணம் என்று அறிவித்துவிட்டு, ஸ்டாண்டர்ட் ஆயில் போன்ற பெரிய வாடிக்கையாளருக்கு மட்டும் ஒரு பகுதியை ரகசியமாகத் திருப்பிக் கொடுத்தன. அதைத் தடுக்க 1903இல் எல்கின்ஸ் சட்டம் வந்தது. அறிவித்த விலை ஒன்று, கொடுத்த விலை வேறொன்று என்ற அதே அமைப்பு, பிறகு நுகர்வோர் பக்கம் திரும்பியது. 1975 ஜனவரியில் விற்காத கார்கள் தேங்கிக் கிடந்த நிலையில் கிரைஸ்லர் நிறுவனம், கார் வாங்குவோருக்கு 200 முதல் 400 டாலர் வரை காசோலை அனுப்புவதாக விளம்பரம் செய்தது. முன்னாள் பேஸ்பால் வீரர் ஜோ கராஜியோலா தொலைக்காட்சியில் தோன்றி அதை அறிவித்தார். மற்றக் கார் நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. 1990களில் கணினி, பிரிண்டர், கைபேசி என்று தபால் ரிபேட் எங்கும் பரவியது.

விலையையே குறைத்துவிடலாமே, ஏன் இந்தச் சுற்றுவழி? உற்பத்தியாளர் பக்கம் நியாயமான பதில்கள் உண்டு. டீலருக்கு விலையைக் குறைத்துக் கொடுத்தால் அவர் அதைத் தன் லாபத்தில் சேர்த்துக்கொள்ளலாம். ரிபேட் நேராக வாங்குபவரிடம் போகும். சலுகைக் காலம் முடிந்ததும் விலையை உயர்த்தியதாக யாரும் குறை சொல்ல மாட்டார்கள். வாங்கியவரின் பெயரும் முகவரியும் கிடைக்கும். ஆண்டு முடிவில் பழைய மாடலைத் தீர்க்க நினைக்கும் தொட்டித் தயாரிப்பாளர் உண்மையாகவே ரிபேட் தரலாம், தரவும் செய்கிறார்கள். இவை எல்லாம் மெய். ஆனால் இன்னொரு காரணமும் இருக்கிறது, அதற்கு வணிக வட்டாரத்தில் பெயரே உண்டு: 'பிரேக்கேஜ்'. விண்ணப்பிக்காமலே விட்டவர்களின் பணம். விண்ணப்பித்து, காசோலை வந்தும் மாற்றாமல் விட்டவர்களின் பணத்துக்கு 'ஸ்லிப்பேஜ்'. 2005 இறுதியில் பிசினஸ்வீக் இதழ் வெளியிட்ட விரிவான கட்டுரை, அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 40 கோடி ரிபேட்டுகள், 600 கோடி டாலர் மதிப்புக்கு அறிவிக்கப்படுவதாகவும், அவற்றில் 40 விழுக்காடு வரை வாங்கியவர் கைக்குப் போய்ச் சேராமலே போவதாகவும் மதிப்பீடுகளை எடுத்துக்காட்டியது.

மக்கள் சோம்பேறிகள் என்று இதைக் கடந்துவிடக் கூடாது. கடையில் நிற்கும்போது அவர்கள் தம்மைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஜோஷுவா டாசாஃப், ராபர்ட் லெட்ஸ்லர் என்ற இரண்டு பொருளியலாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வு இதை நேராக அளந்தது. தபாலில் படிவம் அனுப்பினால் பணம் கிடைக்கும் என்ற ஏற்பாட்டைப் பங்கேற்பாளர்களுக்குக் கொடுத்து, 'நீங்கள் அனுப்புவதற்கு எவ்வளவு வாய்ப்பு?' என்று முன்கூட்டியே கேட்டார்கள். பிறகு உண்மையில் யார் அனுப்பினார்கள் என்று பார்த்தார்கள். எதிர்பார்ப்புக்கும் நடந்ததற்கும் இடையில் 49 விழுக்காட்டுப் புள்ளி வேறுபாடு. சுமார் 80 விழுக்காடு அனுப்புவோம் என்று நம்பிய கூட்டத்தில் அனுப்பியது சுமார் 30 விழுக்காடு.

ஆய்வின் அடுத்த பகுதி இன்னும் முக்கியமானது. இந்த இடைவெளியைக் குறைக்க மூன்று வழிகளை அவர்கள் முயன்றார்கள். முந்தைய குழுவில் எவ்வளவு பேர் அனுப்பத் தவறினார்கள் என்று சொல்லிப் பார்த்தார்கள், பயனில்லை. கெடு நெருங்குகிறது என்று நினைவூட்டினார்கள். அதிலும் பெரிய பயனில்லை. அனுப்பும் வேலையையே எளிதாக்கியபோதுதான் அனுப்பியவர் எண்ணிக்கை தெளிவாக உயர்ந்தது. அதாவது எச்சரிக்கை செய்வதால் நுகர்வோரைக் காப்பாற்றிவிட முடியாது; தடைகளை எடுத்தால் முடியும். படிவத்தின் ஒவ்வொரு கூடுதல் நிபந்தனையும், அசல் ரசீதாகட்டும், பெட்டியிலிருந்து வெட்டிய பார்கோடாகட்டும், பண மதிப்புள்ள ஒரு தடைக்கல். தடைக்கல்லை எங்கே வைப்பது என்று முடிவு செய்பவர், தடுக்கி விழுந்தால் லாபம் பெறுபவரே.

இதோடு இணைத்துப் பார்க்க வேண்டிய இரண்டு ஆய்வுகள் உண்டு. பின்னொரு நாள் செய்ய வேண்டிய உழைப்பை, வாங்கும் நேரத்தில் மனிதர்கள் மிகக் குறைவாகவே மதிக்கிறார்கள் என்று திலீப் சோமன் 1998இல் காட்டினார். விண்ணப்பிக்கக் கொடுக்கும் காலத்தை நீட்டினால் வாங்குவோர் நம்பிக்கை கூடுகிறது, ஆனால் தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு விண்ணப்பிப்போர் குறைகிறார்கள் என்று டிம் சில்க் தன் ஆய்வில் கண்டார். 'அவசரமில்லை, ஆறு மாதம் இருக்கிறது' என்று விற்பவர் தாராளமாகச் சொல்லும்போது, அந்தத் தாராளத்தின் பலன் யாருக்குப் போகிறது என்பதை இந்த ஆய்வோடு சேர்த்து யோசிக்க வேண்டும்.

விண்ணப்பித்தும் பணம் வராத கதைகள் தனி. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் பை.காம், வேல்யூ அமெரிக்கா, ஆபீஸ் டிப்போ ஆகிய நிறுவனங்களின் கணினி விளம்பரங்களைக் கையில் எடுத்தது. 400 டாலர் ரிபேட் போக மிக மலிவாகக் காட்டிய கணினிக்குப் பின்னால், மூன்றாண்டு இணையச் சந்தாவில் சேர வேண்டும் என்ற நிபந்தனை பொடி எழுத்தில் கிடந்தது. 2005இல் கம்ப்யுஎஸ்ஏ கடைத் தொடர் மீது நடவடிக்கை வந்தது. கியூபிஎஸ் என்ற தயாரிப்பாளர் ரிபேட்டுகளைக் கொடுக்கத் தவறுவது தெரிந்த பின்பும், அதே ரிபேட்டைக் காட்டி அந்தக் கடை தொடர்ந்து விற்றது என்பது குற்றச்சாட்டு. 15 டாலர் முதல் 100 டாலர் வரையிலான தொகைகள் அவை; தயாரிப்பாளரோ திவாலாகிவிட்டார். தயாரிப்பாளர் தராததைக் கடை கொடுக்க வேண்டும் என்று சமரசத்தில் முடிவானது. 'ரிபேட் கம்பெனியின் விவகாரம், எங்களுக்குச் சம்பந்தமில்லை' என்ற வழக்கமான பதிலுக்கு அது ஒரு மறுப்பு. அதே 2005இல் பெஸ்ட் பை, இரண்டாண்டுகளில் தபால் ரிபேட்டைக் கைவிடப் போவதாக அறிவித்தது. வாடிக்கையாளர் கோபம் அந்த அளவுக்கு ஏறியிருந்தது.

இதுவரை சொன்னது சிறிய தொகைகளின் கதை. வெந்நீர்த் தொட்டிக்கு இதை அப்படியே பொருத்துவது தவறு. 20 டாலரை மறந்துவிடுபவர் 1,500 டாலரை மறக்க மாட்டார். நாள்காட்டியில் குறித்துவைத்து, பதிவுத் தபாலில் அனுப்புவார். தவிர, தொட்டிச் சந்தையில் ரிபேட் பெரும்பாலும் உடனடி ரிபேட் என்ற பெயரில் கவுண்டரிலேயே கழிந்துவிடுகிறது. பணம் கைக்கு வந்துவிட்டதே, பிறகு என்ன ஏமாற்று என்று கேட்கலாம். அங்கேதான் பலகையின் முதல் எண்ணுக்கு வருகிறோம். எதிலிருந்து கழித்தார்கள்?

அந்தத் தொட்டி ஒருநாளும் 12,995 டாலருக்கு விற்றதே இல்லை, எப்போதும் 8,495க்குத்தான் போகிறது என்று வைத்துக்கொள்வோம். விலைப் பலகையில் 8,495 என்று மட்டும் எழுதினால், வருபவர் பேரம் பேசுவார், அடுத்த கடையிலும் விசாரிப்பார். 12,995இல் 3,000 டீலர் தள்ளுபடி, 1,500 ஃபேக்டரி ரிபேட் என்று எழுதினால், அவர் கண்ணில் 4,500 டாலர் சேமிப்பு தெரிகிறது. தள்ளுபடியைக் கடைக்காரர் தந்திரம் என்று சந்தேகிப்பவர்கூட ரிபேட்டைச் சந்தேகிப்பதில்லை. அது எங்கோ இருக்கும் தொழிற்சாலை தருகிற பணம். அதற்குக் கெடு இருக்கிறது, படிவம் இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது. இந்த அலுவல் தோற்றம் முழுவதும், அடித்துவிட்ட அந்த முதல் எண்ணுக்குச் சான்றிதழ் போல அமைந்துவிடுகிறது. சிறு பொருளில் ரிபேட் திரும்பி வராமல் ஏமாற்றுகிறது. பெரிய பொருளில் அது திரும்பி வந்தே ஏமாற்றுகிறது.

இதைச் சட்டம் அறியாமல் இல்லை. கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 1964இல் வெளியிட்ட ஏமாற்று விலை வழிகாட்டியில் ஒரு பேனாக் கடைக்காரரின் உதாரணம் வருகிறது. 5 டாலருக்கு வாங்கிய பேனாவை வழக்கமாக 7.50க்கு விற்பவர், சில நாள்களுக்கு மட்டும் 10 டாலர் என்று எழுதிவைக்கிறார். அந்த விலைக்கு யாரும் வாங்க மாட்டார்கள் என்பது அவருக்கே தெரியும். பிறகு 7.50க்கு இறக்கி, 10 டாலர் பேனா இப்போது 7.50தான் என்று விளம்பரம் செய்கிறார். இது பொய் என்று வழிகாட்டி ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது. தயாரிப்பாளரின் பட்டியல் விலைக்கும் அதே நியாயம்தான்: அந்த வட்டாரத்தில் கணிசமான விற்பனை அந்த விலையில் நடக்காவிட்டால், அதைக் காட்டி ஒப்பிடுவது ஏமாற்று. ரிபேட் பலகைக்கு இதைவிடத் தெளிவான விதி தேவையில்லை.

விதி இருக்கிறது, அதை நடத்திக்காட்டுவது அரிது. 1970களுக்குப் பிறகு இத்தகைய பொய் முந்தைய விலை வழக்குகளை ஆணையம் பெரிதாகத் தொடவில்லை; சுமை மாநிலங்கள் மீது விழுந்தது. கலிபோர்னியாவின் வணிகச் சட்டம், முந்தைய விலை என்று காட்டுவது கடந்த மூன்று மாதங்களுக்குள் உண்மையில் நிலவிய சந்தை விலையாக இருக்க வேண்டும் என்கிறது. இல்லையென்றால் எந்தத் தேதியில் அந்த விலை நிலவியது என்று விளம்பரத்திலேயே சொல்ல வேண்டும். ஓவர்ஸ்டாக்.காம் நிறுவனம் போலிப் பட்டியல் விலைகளைக் காட்டி ஒப்பிட்டதற்காக 2014இல் அலமேடா மாவட்ட நீதிமன்றம் 68 லட்சம் டாலருக்கு மேல் அபராதம் விதித்தது. 2017இல் மேல்முறையீட்டிலும் அது நின்றது. கணினியில் பதிவான ஆயிரக்கணக்கான விலைகள் அங்கே சாட்சி. மூன்று நாள் கொட்டகை விற்பனைக்கு அப்படி என்ன சாட்சி கிடைக்கும்? திங்கள்கிழமை பலகைகள் லாரியில் ஏறிவிடுகின்றன. பேசி முடித்த விலை, இருவருக்கு மட்டும் தெரிந்த ஒரு தாளில் இருக்கிறது.

வணிகர் பக்கத்தில் ஒரு சங்கடம் உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். ஜேசி பென்னி துணிக்கடைத் தொடரின் தலைவராக வந்த ரான் ஜான்சன், 2012இல் போலித் தள்ளுபடிகளை நீக்கி, ஒரே நேர்மையான தாழ்ந்த விலை என்று அறிவித்தார். அவர் செய்த மாற்றங்கள் பல. ஆனாலும் அந்த ஆண்டு விற்பனை ஏறக்குறைய 25 விழுக்காடு சரிந்தது. 2013 ஏப்ரலில் அவர் வெளியேற, கூப்பன்களும் தள்ளுபடிகளும் திரும்பி வந்தன. நேர்மையாக 8,495 என்று எழுதும் தொட்டிக் கடைக்காரர், 12,995ஐ அடித்து எழுதும் பக்கத்துக் கடைக்காரரிடம் தோற்பார். தனி ஒருவர் நல்லவராக இருந்து இதைத் தீர்க்க முடியாது என்பதால்தான் பொதுவிதி வேண்டியிருக்கிறது.

அரசின் நிழலில் நின்று காட்டும் சலுகைகள் இன்னொரு வகை. மின்சாரச் சேமிப்பு ரிபேட், பசுமை வரிச் சலுகை என்று பேச்சுவாக்கில் விற்பனையாளர் சொன்னால் வாங்குபவர் தாளைக் கேட்பதில்லை. கேட்க வேண்டும். வீடுகளில் சூரியசக்தி அமைப்போருக்கான கூட்டாட்சி வரிச் சலுகை நடப்பில் இருந்த காலத்திலேயே, நீச்சல்குளத்துக்கும் வெந்நீர்த் தொட்டிக்கும் உரிய செலவைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று சட்ட வாசகம் பெயர் சொல்லியே விலக்கியிருந்தது. குளிர்பதனப் பெட்டியில் நாம் பார்க்கும் எனர்ஜி ஸ்டார் முத்திரைத் திட்டத்தில் வெந்நீர்த் தொட்டி என்ற வகையே கிடையாது. ஆனாலும் அந்த முத்திரையைக் காட்டித் தொட்டி விற்றவர்கள் மீது கனடாவின் போட்டித்துறைப் பணியகம் நடவடிக்கை எடுக்க நேர்ந்தது. சில மின் நிறுவனங்களும் மாநிலங்களும் அவ்வப்போது உண்மையான சலுகைகள் அறிவிப்பதுண்டு. அவற்றை அந்த நிறுவனத்திடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கொட்டகையில் நிற்பவரின் வாய்ச்சொல் அதற்கு ஆதாரம் ஆகாது.

தபால் ரிபேட்டாகவே இருந்தாலும் கடைசி எண் சொல்வது போல நடப்பதில்லை. விற்பனை வரியைப் பாருங்கள். தயாரிப்பாளர் பின்னால் தரும் ரிபேட்டுக்கு, பெரும்பாலான மாநிலங்களில் வரி முழு விலை மீதுதான். 8 விழுக்காடு வரி என்று கொண்டால், டீலர் தள்ளுபடி மட்டும் போன 9,995 டாலருக்கு 799.60 வரி, 8,495க்கு அது 679.60 மட்டுமே. பணம் ஒழுங்காகத் திரும்பி வந்தாலும் 120 டாலர் போனது போனதுதான். திரும்பி வருவதும் ரொக்கமாக வரவேண்டும் என்பதில்லை. முன்பணம் ஏற்றிய அட்டையாகவோ, அதே கடையில் ரசாயனம் வாங்கும் வரவாகவோ வரலாம். பரிசு அட்டைகள் குறைந்தது ஐந்தாண்டு செல்ல வேண்டும் என்று 2009ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்புத் தந்தது. ஆனால் விளம்பரச் சலுகையாகத் தரும் அட்டைகளுக்கு, ரிபேட் அட்டை உட்பட, அந்தப் பாதுகாப்பு பொருந்தாது. ஆறே மாதத்தில் காலாவதியாகும் அட்டையில் 1,500 டாலர் என்பது 1,500 டாலர் ஆகாது.

தொட்டிக்கே உரிய ஒரு பொறி கெடுவில் இருக்கிறது. வாங்கிய நாளும் வந்து இறங்கும் நாளும் இங்கே ஒன்றல்ல. பெருந்தொற்றுக் காலத்தில், 2020லும் 2021லும், வீட்டிலேயே அடைந்து கிடந்த மக்கள் தொட்டிகளை வாங்கக் குவிந்தபோது, முன்பணம் கட்டியவர்கள் பல மாதங்கள் காத்திருந்தார்கள். படிவம் தொட்டியின் வரிசை எண்ணைக் கேட்டு, கெடுவை வாங்கிய நாளிலிருந்து எண்ணினால், தொட்டி வீட்டுக்கு வருமுன்னே ரிபேட் செத்துவிடும். ரிபேட் வேண்டுமா, வட்டியில்லாத் தவணை வேண்டுமா, இரண்டில் ஒன்றுதான் என்ற நிபந்தனையும் பல சலுகைகளில் உண்டு. தவணைக் கையெழுத்துப் போட்ட பிறகு அதைக் கேள்விப்படுவது கொடுமை.

இதற்கெல்லாம் மருந்து உண்டா? உண்டு, சிறிய மாநிலம் ஒன்று ஏற்கெனவே எழுதிவைத்திருக்கிறது. கனெக்டிகட் மாநில விதிப்படி, ரிபேட் கழித்த விலையை விளம்பரத்தில் காட்டும் கடை, அந்த ரிபேட் தொகையை விற்கும்போதே தானே கொடுத்துவிட வேண்டும். தயாரிப்பாளரிடமிருந்து வசூலிப்பது கடையின் பாடு. கொடுக்க விருப்பமில்லையென்றால், கழித்த விலையை விளம்பரப்படுத்தக் கூடாது. இந்த விதியில் நான் காணும் சிறப்பு, நுகர்வோருக்கு அறிவுரை சொல்வதில் அது நேரத்தை வீணாக்கவில்லை என்பது. டாசாஃபும் லெட்ஸ்லரும் கண்டதும் அதுதான்: தடையை எடு, எச்சரிக்கையை நம்பாதே. தபால் சுமையை, சுமக்கத் தெரிந்த வணிகர் தோளில் அது வைக்கிறது. மற்ற மாநிலங்களும் இதை ஏற்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இதோடு கலிபோர்னியாவின் மூன்று மாத விதியையும் சேர்த்து, முதல் எண்ணை நிரூபிக்கும் ரசீதுகளை வைத்திருக்கும் கடமையை விற்பவர் மீதே சுமத்தினால், பலகையின் இரு முனையும் கட்டுக்குள் வரும்.

அதுவரை வாங்குபவர் கையில் இருக்கும் கருவி ஒரே கேள்விதான்: 'ரிபேட் பேச்சை விடுங்கள், தொட்டி, மூடி, படி, இறக்கு கூலி, வரி எல்லாம் சேர்த்து இன்று நான் கொடுக்க வேண்டிய மொத்தம் எவ்வளவு?' அதைத் தாளில் எழுதி வாங்கி, இன்னும் இரண்டு கடைகளில் அதே கேள்வியைக் கேட்டால், முதல் எண் தானாக உதிர்ந்துவிடும். ரிபேட்டைக் கழித்துக்கொண்டு ஒப்பிட வேண்டாம், வந்தால் வரட்டும். ஞாயிறோடு சலுகை முடிகிறது என்பவரிடம், திங்கள்கிழமை இதே தொட்டி என்ன விலை என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

கையெழுத்துப் போட்டுவிட்டவர்களுக்கும் ஒரு வழி திறந்திருக்கிறது. விற்பவர் தன் நிரந்தரக் கடையை விட்டு, பொருட்காட்சித் திடல், ஓட்டல் அரங்கு, மாநாட்டு மண்டபம் போன்ற தற்காலிக இடத்தில் 130 டாலர் அல்லது அதற்கு மேல் செய்யும் விற்பனையை, மூன்றாவது வேலைநாள் நள்ளிரவு வரை காரணம் சொல்லாமல் ரத்து செய்யக் கூட்டாட்சி விதி உரிமை தருகிறது. ரத்துப் படிவம் இரண்டு பிரதிகளை விற்பவரே தந்திருக்க வேண்டும். ரத்து செய்தால் பத்து வேலைநாளுக்குள் பணம் திரும்ப வேண்டும். கடையிலேயே போய்ப் பேசி முடித்து வாங்கியதற்கு இது பொருந்தாது. விதிக்குச் சனி வேலைநாள், ஞாயிறு வேலைநாள் அல்ல. எனவே, ஞாயிறு மாலை கொட்டகையில் கையெழுத்திட்டவருக்கு, இடையில் அரசு விடுமுறை இல்லையென்றால், புதன்கிழமை நள்ளிரவு வரை நேரம் இருக்கிறது.